ஃபுல் ஃப்ரேம் புராணமும் தி.நகர் வானமும்

சென்னையில் ஒரு காலேஜ் பையன் கேமரா வாங்கக் கிளம்புகிறான். "தினப்படி படமும் எடுக்கணும், ராத்திரி நட்சத்திரமும் எடுக்கணும்" என்று அவன் வாய் திறந்தால் போதும். கடைக்காரர், சீனியர், யூட்யூப் அண்ணாச்சி எல்லோரும் ஒரே மந்திரத்தை ஓதுவார்கள். "அப்போ ஃபுல் ஃப்ரேம்தான் தம்பி, வேற பேச்சே இல்ல!"

பாடியும் அதற்கேற்ற நல்ல லென்ஸும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும். பையனிடம் ஏது லட்சம்? அப்பா தலையில் இ.எம்.ஐ. விழும். அதனால் இந்த மந்திரத்தைக் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் சென்சார் கணக்கு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. ஏ.பி.எஸ்-சி என்கிற சின்ன சென்சார் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பளவில் பெரியது 2.4 மடங்கு, அவ்வளவு வெளிச்சம் கூடுதல். சரி. ஆனால் எஃப் 2.8 லென்ஸை விட எஃப் 1.8 லென்ஸும் அதே 2.4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது! சின்ன கேமராவில் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால், பெரிய கேமராவில் 50 மி.மீ. எஃப் 2.8 வைத்து எடுத்த அதே காட்சி, ஏறக்குறைய அதே வெளிச்சத்தோடு கிடைத்துவிடும். பெரிய கேமராவுக்கும் எஃப் 1.8 வாங்கலாமே என்பார்கள். தாராளமாக வாங்கலாம், பில் இன்னும் ஏறும்.

அடுத்து நிலா. 300 மி.மீ. லென்ஸில் நிலாவின் பிம்பம் எந்த சென்சாரிலும் சுமார் 2.7 மி.மீ.தான் விழும். பெரிய சென்சாரில் மிச்ச இடமெல்லாம் வெறும் இருட்டு. இரண்டும் 24 மெகாபிக்சல் என்றால், சின்ன சென்சாரில்தான் நிலாவின் மேல் அதிக பிக்சல்கள் உட்காரும். வெயில் பட்டு ஜொலிக்கிற பாறை அது, நீண்ட எக்ஸ்போஷரும் வேண்டாம்.

பால்வீதி? இங்கேதான் பெரிய கூத்து. பாண்டி பஜார் மொட்டை மாடியில் நின்று பால்வீதி எடுக்க எந்த கேமராவாலும் ஆகாது. தெருவிளக்கு வெளிச்சத்தையும் நட்சத்திர வெளிச்சத்தையும் சென்சார் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரிய சென்சார் நட்சத்திரத்தோடு தி.நகரின் பளபளப்பையும் சேர்த்தே வாரிக்கொள்ளும். ஃபில்டர் போட்டால் சரியாகும் என்பது அடுத்த கதை. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை ஃபில்டர் ஓரளவு தடுத்தது. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் வெளிச்சம் கக்குகிறதே, எதைத் தடுப்பது?

சரித்திரத்தையும் பாருங்கள். 1861-ல் நார்மன் போக்சன், மெட்ராஸ் வான் ஆய்வகத்திலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து 'ஏஷியா' என்று பெயர் வைத்தார். ஆய்வகம் இருந்த இடம் நுங்கம்பாக்கம்! இன்று அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் சில நட்சத்திரங்கள் தேறினால் அதிர்ஷ்டம். வான் ஆய்வு 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. 1960-களின் கடைசியில் வேணு பாப்பு, ஜவ்வாது மலையின் காவலூரில் தொலைநோக்கி வைத்தார். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியே வந்துவிட்டது. வானியல்காரர்களே நல்ல வானம் தேடி மலையேறிய பிறகு, பையனுக்கு மட்டும் ஏன் "பெரிய சென்சார் வாங்கு" என்று உபதேசம்? ஜவ்வாது மலை சென்னையிலிருந்து இருநூறு கி.மீ. சொச்சம். ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன.

"அஸ்ட்ரோ ஸ்பெஷல்" பார்ட்டிகளும் உண்டு. ஹைட்ரஜன் மேகங்களின் 656 நானோமீட்டர் சிவப்பு தெரிய வேண்டும் என்று சென்சார் முன்னால் இருக்கிற ஃபில்டரைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றிவிட்டு அறுபத்து மூவர் திருவிழாவுக்குப் போனால் மாட வீதியே சிவந்து நிற்கும். தினப்படிக்கும் வேண்டும் என்றால் கேமராவை நோண்டாமல் விடுவதே புத்தி.

கல்யாண மண்டபத்தில் படம் எடுத்துச் சம்பாதிப்பவர் ஃபுல் ஃப்ரேம் வாங்கட்டும். அவருக்கு அது முதலீடு, போட்ட காசு திரும்பி வரும். மாணவனுக்கு அது தேய்மானம் மட்டும்தான். அதுவும் இந்த ஊரின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை வேறு பிடிக்கும்.

ஆகவே செகண்ட் ஹேண்டாவது பரவாயில்லை, ஒரு ஏ.பி.எஸ்-சி கேமரா, ஒரு எஃப் 1.8 லென்ஸ், ஆடாத ட்ரைபாட், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா. இவ்வளவு போதும். ரங்கநாதன் தெரு நெரிசலில் தூக்கிக்கொண்டு அலையவும் கை வலிக்காது. ஒரே காட்சியை 16 தடவை எடுத்து இலவச மென்பொருளில் அடுக்கினால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதற்குப் பொறுமைதான் செலவு.

மிச்சமாகும் பணத்தில் எத்தனை தடவை ஜவ்வாது மலைக்குப் போய் வரலாம் என்று கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். மந்திரம் ஓதும் அண்ணாச்சிகள் இந்தக் கணக்கை மட்டும் ஏன் சொல்வதே இல்லை? :-)