வெறும் அலங்காரமா?

"இஸ்லாம் ஓவியக் கலையைக் கொன்றது, முஸ்லிம்களிடம் எஞ்சியது வெறும் அலங்காரமே" என்றொரு தீர்ப்பு கலை வரலாறு பேசுவோர் நாவில் நெடுங்காலமாக உலவி வருகிறது. நம்மவரில் ஒரு சாரார் அதைத் தலைகுனிந்து ஒப்புக்கொள்கின்றனர். இன்னொரு சாரார், அதுவே நமக்குப் பெருமை என்று மார்தட்டுகின்றனர். அந்த 'வெறும் அலங்காரத்தை' நவீன பிரெஞ்சு ஓவியம் தன் பாடசாலையாகக் கொண்டது ஏன் என்று இரு சாராரும் கேட்டதில்லை.

மறுமலர்ச்சிக் காலந்தொட்டு ஐரோப்பிய ஓவியனுக்குச் சித்திரத் திரை ஒரு சன்னலாக இருந்தது. அதனூடே தொலைவும் ஆழமும் தெரிய வேண்டும். உருவங்கள் ஒளியும் நிழலும் பெற்றுத் திரண்டு நிற்க வேண்டும். 1865இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் மனே தம் 'ஒலிம்பியா'வை வைத்தபோது, உருவம் தட்டையாக இருக்கிறதென்று நகைத்தார்கள். 1874இல் மொனேயும் தோழர்களும் தனிக் கண்காட்சி நடத்தியபோதும் ஏளனமே மிகுந்தது. 1905இல் மத்தீஸ், தெரேன் ஆகியோரின் வண்ணங்களைக் கண்ட விமர்சகர் வோசெல், அவர்களுக்குக் 'காட்டு விலங்குகள்' என்றே பெயர் சூட்டினார். பழைய சன்னல் உடைந்துகொண்டிருந்தது. அதனிடத்தில் எதை வைப்பது என்பதே அத்தலைமுறையின் கேள்வி.

மத்தீஸ் அதற்கு விடை தேடிய வழியைப் பாருங்கள். 1903இல் பாரிஸிலேயே முஸ்லிம் கலைகளின் பெருங்கண்காட்சி ஒன்று நடந்தது. 1906இல் அவர் அல்ஜீரியா சென்றார். 1910இல் மூனிக் நகரில் 3,000க்கும் மேற்பட்ட இஸ்லாமியக் கலைப்பொருட்கள் திரட்டிக் காட்டப்பட்டபோது, நண்பர் மார்க்கேயுடன் அங்கே போனார். அவ்வாண்டின் இறுதியில் கிரானடாவின் அல்ஹம்ராவைக் கண்டார். மறு ஆண்டு, 1911இல், அவருடைய தூரிகையிலிருந்து 'ஓவியனின் குடும்பம்' பிறந்தது.

அப்படத்தில் தரைக் கம்பளம் தரையில் கிடக்கவில்லை. சுவரைப்போல் நிமிர்ந்து நிற்கிறது. சுவரின் பூக்களும் இருக்கையின் பூக்களும் சதுரங்கக் கட்டங்களும் மனிதரோடு சரியாசனம் பெறுகின்றன. இனி, ஹிஜ்ரி 893இல் (1488) ஹெராத் நகரில் எழுதப்பெற்ற சஅதியின் 'போஸ்தான்' பிரதியில் பிஹ்ஸாத் தீட்டிய யூசுப்–ஜுலைகா சித்திரத்தை அருகில் வையுங்கள். உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்டம் இங்கே நம் பொருளன்று; அதை ஆலிம்கள் சொல்லட்டும். வரைந்த முறையை மட்டும் நோக்குவோம். மாளிகையின் அறைகளும் பூட்டிய கதவுகளும் படிக்கட்டுகளும் ஒரே தளத்தில் விரிந்து கிடக்கின்றன. ஓடு பதித்த சுவரும் தரையும் நிழலின்றித் தம் வண்ணத்தாலேயே பேசுகின்றன. தட்டைத் தளம், தூய வண்ணம், கோலத்துக்கும் உருவத்துக்கும் சம உரிமை – இரண்டிலும் இலக்கணம் ஒன்றுதான்.

ஆனால் சூட்டப்பட்ட பெயர்கள் இரண்டு! ஹெராத்தில் இருந்தால் அது அலங்காரம். பாரிஸில் இருந்தால் புரட்சி. கம்பளத்தை நெய்தவன் கைவினைஞன். அதை வரைந்தவன் மேதை. லூவர் அருங்காட்சியகத்தில் இஸ்லாமியக் கலைக்கெனத் தனித்துறை தோன்றியது 2003இல்தான். அதன் புதிய கூடங்கள் திறந்தது 2012இல்தான். இந்த வரிசைமுறையை நியாயமென்று எப்படி ஏற்பது?

மத்தீஸைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. தமக்கு அகத்தெளிவு எப்போதும் கீழைநாட்டிலிருந்தே வந்தது என்று 1947இல் அவரே எழுதினார். மனேயும் மொனேயும் ஜப்பானிய அச்சுப்படங்களிடம் கற்றவற்றையும், செசான் தம் தனி உழைப்பால் கண்டவற்றையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வது பொய்யாகும். ஆயினும் கடன் பட்டவரே ஒப்புக்கொண்ட கடனை, அவருக்காக வரலாறு எழுதுவோர் ஏன் அடிக்குறிப்பில் ஒதுக்க வேண்டும்? அந்தக் காலத்தையும் மறக்கலாகாது. 1912 மார்ச் 30 அன்று ஃபெஸ் நகரில் மொராக்கோ சுல்தான் தம் நாட்டைப் பிரெஞ்சுப் பாதுகாப்பில் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, மத்தீஸ் தான்ஜியரில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். நாட்டை ஆளத் தகுதியற்றவர் என்று கருதப்பட்ட மக்களின் ஓடும் கம்பளமும், ஆளவந்தோரின் கலைக்குப் புது வழி காட்டிக்கொண்டிருந்தன.

நம்மவர்க்கும் ஒரு சொல். அலங்காரம் என்பதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஓவியனின் கைவசமுள்ள கூறுகளை அலங்காரமாக ஒழுங்கமைத்து உணர்ச்சியை வெளியிடுவதே சித்திர அமைப்பு என்று 1908இல் மத்தீஸ் அதற்கு இலக்கணமே வகுத்தார். நம் முன்னோர் சுவரிலும் ஓட்டிலும் விரிப்பிலும் செய்து வைத்தது அதுவன்றோ? அந்த அறிவை ஒரு பிரெஞ்சுக்காரர் நற்சான்று தந்த பிறகுதான் மதிப்போம் என்றால், குற்றம் ஐரோப்பாவுடையது மட்டுமாகாது. ஆகவே 'அலங்காரம்' என்ற சொல் இருக்கட்டும். அதன் முன்னே ஒட்டிக்கொண்டிருக்கும் 'வெறும்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். முதலில் நம் மனத்திலிருந்து.