குப்பை கலப்பது வண்டியில் அல்ல

“பிரித்துக் கொடுத்து என்ன ஆகப் போகிறது? எப்படியும் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்!” சென்னையில் எந்தக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் குப்பைப் பேச்சு எடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு அடுத்து வாகன நிறுத்தத்துக்குப் போய்விடும். சொல்பவர் பெரும்பாலும் படித்தவர், வரி பாக்கி வைக்காதவர், தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர். அவர் நம்புவது தவறு. அந்தத் தவறுக்கான விலையை இன்னொரு பேட்டையில் இருப்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணா நகரின் பிறப்பைப் பார்த்தால் இந்த மனநிலையின் வேர் தெரியும். நடுவக்கரை போன்ற கிராமங்கள் இருந்த புறநகர்ப் பகுதி அது. 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியம் அங்கே புதிதாக ஒரு நகரையே வரைந்தது. 1968இல் அங்கு உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காக எழுந்த 135 அடிக் கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது. எழுத்திட்ட பிளாக்குகள், எண்ணிட்ட அவென்யூக்கள், ரவுண்டானா, பள்ளிக்கும் கடைக்கும் தனி இடம், குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் எனப் பிரித்து மனைகள். சென்னையில் இவ்வளவு அக்கறையோடு வரையப்பட்ட குடியிருப்புகள் குறைவு. அந்த வரைபடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் குப்பை போய்ச் சேரும் இடம் அந்த வரைபடத்துக்கு வெளியே இருந்தது. வாழையிலையும் காகிதமுமாக இருந்த அன்றைய குப்பைக்கு அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. இன்று அதே தெருக்களில் தனி வீடுகள் அடுக்ககங்களாகிவிட்டன. வீட்டுக்கு வீடு பால் கவர், சிப்ஸ் பாக்கெட், உணவு வந்த டப்பா, நாப்கின், பேட்டரி. குப்பை மாறிவிட்டது. வாசலைத் தாண்டினால் அது நம்முடையதல்ல என்ற எண்ணம் மட்டும் 1968இலேயே நிற்கிறது.

வாசலைத் தாண்டிய குப்பை வடசென்னையில் உள்ள கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. சென்னையின் வடபாதி முழுவதும் பல பத்தாண்டுகளாக அங்கேதான் கொட்டியது. 250 ஏக்கருக்கும் மேலாகப் பரந்த அந்தக் கிடங்கை ஒட்டி மக்கள் வாழ்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். தென்பாதியின் குப்பை பெருங்குடிக்கு, அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே போயிற்று. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே தீப்பிடிப்பதற்கும் நம் சமையலறைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது: காய்கறித் தோல், மீந்த சோறு, மீன் செதில், டீத்தூள். காற்றுப் படும்படி மக்கவிட்டால் அது உரம். பிளாஸ்டிக் பையில் முடிந்து, டன்கணக்கான குப்பைக்கு அடியில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது; மீத்தேன் எரியும். அழுகலிலிருந்து வடியும் கரிய நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. அதே பையில் இருந்த அட்டையும் பாட்டிலும் சாம்பாரில் ஊறி, வாங்குவதற்கு ஆளில்லாமல் போகின்றன. மறுசுழற்சி எங்கோ தொழிற்சாலையில் நடக்கும் வித்தை என்று நினைக்கிறோம். ஊறிப்போன அட்டையை அங்கேயும் எளிதில் விற்கக்கூடிய பொருளாக்கிவிட முடியாது. சுத்தமாகவும் உலர்ந்தும் வந்தால் அது சரக்கு; நனைந்து வந்தால் குப்பை. இந்த முடிவு வண்டி வருவதற்கு முன்பே, சிங்க்குக்குக் கீழே இருக்கும் கூடையில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

பிரிப்பது நமக்குப் புதிதும் அல்ல. பழைய பேப்பரைக் கட்டி வைத்துக் கிலோவுக்கு என்ன விலை என்று பேரம் பேசும் வீடுகள்தானே இவை? பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்த அம்மாக்கள் எத்தனை பேர்! காசு கிடைக்கும் என்றால் பிரிக்கிறோம், கிடைக்காது என்றால் நேரமில்லை என்கிறோம். காயலான் கடைக்காரரும் குப்பை பொறுக்குபவரும்தான் இந்த நகரத்தின் மறுசுழற்சியைப் பெருமளவு தாங்குகிறார்கள். அவர்கள் கைக்கு உலர்ந்த பொருளைச் சேர்ப்பதற்கு அரசின் எந்தப் புதிய திட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சில தெருக்களில் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்பது உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் கொட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? ஒரு தெருவில் நாலு வீடு பிரித்துத் தந்து, நாற்பது வீடு கலந்து தந்தால், அந்தத் தூய்மைப் பணியாளர் எதை எங்கே போடுவார்? நாற்பது பைகளையும் அவரே அவிழ்த்துக் கையால் கிளறிப் பிரிக்க வேண்டும் என்பதுதான் நம் எதிர்பார்ப்பா? அந்தப் பைக்குள் உடைந்த கண்ணாடி இருக்கிறது, இன்சுலின் ஊசி இருக்கிறது, சுற்றாமல் போட்ட நாப்கின் இருக்கிறது. நாம் தொட அருவருப்பதை இன்னொருவர் கைக்குத் தள்ளிவிட்டு, அவர் சரியாகப் பிரிக்கவில்லை என்று குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதில் எந்தக் குழப்பத்தையும் விட்டுவைக்கவில்லை. மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரிப்பது வீட்டாரின் கடமை என்றன. நாப்கினையும் டயப்பரையும் தனியே சுற்றித் தரச் சொல்லின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகக் குடியிருப்புகள் மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன. நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் இடம் கண்ட வளாகங்கள் உரத்தொட்டிக்கு இடமில்லை என்கின்றன. நாற்றம் வரும் என்பார்கள். ஈரக் குப்பைக்குச் சமமாகக் காய்ந்த சருகு போட்டு, சில நாளுக்கொரு முறை கிளறிவிட்டால் நாற்றம் வராது. பூங்கா பெருக்கும்போது எரிக்கிறார்களே, அந்தச் சருகு போதும்.

எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே என்பது இப்போது கேட்கும் அடுத்த சமாதானம். ஈரச் சோறும் காய்கறித் தோலும் கலந்த நம் குப்பை லேசில் எரியாது. எரிவதற்கு அதில் பிளாஸ்டிக் வேண்டும். பிளாஸ்டிக் எரிந்தால் வரும் புகையை யார் சுவாசிப்பது? அத்தகைய உலையைக் கொடுங்கையூரில்தான் அமைக்கப் பார்க்கிறார்கள், வடசென்னை மக்கள் அதை எதிர்த்துத் தெருவில் நிற்கிறார்கள். இத்தனை ஆண்டு நம் குப்பையைச் சுமந்தவர்கள் இனி அதன் புகையையும் சுமக்க வேண்டும் என்று சொல்ல அண்ணா நகருக்கோ பெசன்ட் நகருக்கோ உரிமை கிடையாது. நம் ஒவ்வொரு பிளாக்கிலும் ஈரக் குப்பை வெளியே போகாமல் நின்றுவிட்டால், அந்த உலைக்குச் சொல்லப்படும் காரணத்தில் பாதி அங்கேயே போய்விடும்.