பறவைக்குப் பந்தல் – பாட்டாளிக்குப் பட்டினியா?

உப்பு! இலையிலே அது ஒரு சிட்டிகை குறைந்துவிட்டால் சீமானும் சீறுகிறான், சமையற்காரனை ஏசுகிறான். ஆனால் அந்த உப்பை விளைவிப்பவன் இன்று உண்டானா, உறங்கினானா என்று கேட்பார் உண்டோ?

சென்னையிலிருந்து புதுவைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே பறந்திடும் மோட்டார்கள் மரக்காணம் வந்ததும் சற்றே நிதானிக்கின்றன. உள்ளே இருப்போர் கண்ணாடியை இறக்குகின்றனர். 'ஆகா, வெள்ளி மலைகள்!' என்று வியக்கின்றனர். வெள்ளி மலையல்ல, ஐயா, அது உப்பு அம்பாரம்! கண்ணைப் பறிக்கும் வெயிலிலே, காலைத் தின்னும் உப்பு நீரிலே நின்று, பாத்தி பாத்தியாகப் பலகையால் வாரிக் குவித்த ஆணும் பெண்ணும் அந்தப் படத்திலே புள்ளிகளாகத்தான் தெரிவர்.

இப்போது அந்த மோட்டார்கள் மேலும் ஒரு காரணத்துக்காக அங்கே நிற்கத் தொடங்கியுள்ளன. உப்பளத்துக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது கழுவெளி. எத்தனையோ ஏரி குளங்களின் மிகுநீர் வந்து சேருமிடம். கடல்நீரும் முகத்துவாரத்தின் வழியே புகுந்து அதனோடு கலக்கும். தென்னாட்டிலே பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுவே என்பர். குளிர் நாடுகளிலிருந்து கடவுச்சீட்டுக் கேட்பாரின்றி இங்கு வந்திறங்குகின்றன ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கருவால் மூக்கனும். பூநாரைக் கூட்டம் நிற்பதைக் கண்டால், நீரிலே செந்தாமரை பூத்ததோ என்று எண்ணத் தோன்றும்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் இதன் 5,151 எக்டேர் பரப்பும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காத்திட 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரிலே உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன அல்லவா, அந்தப் பட்டியலிலும் 2024 ஆகஸ்டில் கழுவெளி இடம் பெற்றது. இடையே 2023ஆம் ஆண்டுத் தமிழக வரவு செலவுத் திட்டத்திலே மரக்காணத்தில் 25 கோடி ரூபாய்ச் செலவில் பன்னாட்டுப் பறவைகள் மையம் என்று அறிவிப்பும் வந்தது.

மகிழ்கிறோம். வேட்டைக்காரன் வலைக்கும் இறால் பண்ணைக்காரன் வரப்புக்கும் இரையாகி வந்த நீர்நிலை அது. அதைக் காப்போம் என்றால் கைதட்டத்தான் வேண்டும். எனினும், கைதட்டி முடித்தபின் ஒரு கேள்வி கேட்கிறோம்: பறவையைப் பார்க்க வருவோருக்கு வசதி வேண்டும், பறவைக்கு அமைதி வேண்டும் – இரண்டையும் எடைபோட்டீர்கள், சரி. அந்தத் தராசின் எந்தத் தட்டிலே உப்பளத்தானையும் மீனவனையும் வைத்திருக்கிறீர்கள்?

இந்தப் பிரச்சினையிலே இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார் பணம் படைத்தோர். பறவை அவர்களுக்கு விளம்பரப் பலகை! கரையோரம் ஒரு சொகுசு விடுதி, இரவெல்லாம் விளக்கு, ஒலிபெருக்கி, நீரைக் கிழித்தோட ஒரு விசைப்படகு. விடிந்ததும் பார்த்தால் பூநாரை இராது. விடுதி மட்டும் இருக்கும். இவர்களுக்குச் சட்டமே கடிவாளம் போட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள்ளே வணிக விடுதி கட்டத் தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே அவர்களின் கண் எல்லைக் கோட்டுக்கு ஓரடி வெளியே பாய்கிறது! சாலையை நான்கு வழியாக்கும் வேலையை எடுத்தது முதல், அந்த ஓரடியின் விலை என்னவென்று தரகரைக் கேட்டால் தெரியும்.

மற்றொரு சாரார் பறவையிடம் உள்ளபடியே பரிவு கொண்டோர். ஆனால் மனிதனைக் கண்டால் முகஞ்சுளிப்போர். வேலி போடு, ஆளை விரட்டு, இயற்கை தானே தழைக்கும் என்பர். இவர்கள் சற்றே பரத்பூர் சென்று வரட்டும். ராஜஸ்தானத்திலே, மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாயிருந்த கேவலாதேவ் ஏரி தேசியப் பூங்காவாயிற்று. 1982இல், எருமை மேய்க்கக் கூடாது என்று தடை போட்டனர். தலைமுறை தலைமுறையாக மேய்த்த மக்கள் கொதித்தெழுந்தனர், துப்பாக்கி பேசிற்று, உயிர்கள் வீழ்ந்தன. ஏழையின் இரத்தம் சிந்திக் காத்தார்களே, பறவை பெருகிற்றா? இல்லை! எருமை தின்னாத புல் மண்டி நீரை அடைத்தது; பறவைக்கு இடம் சுருங்கிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டு ஆராய்ந்து, தடை தவறு என்றே கண்டனர். அதே பரத்பூரிலே இன்னொரு காட்சியும் உண்டு. உள்ளே மோட்டாருக்குக் கட்டுப்பாடு. சைக்கிள் ரிக்ஷாக்காரன் மிதித்துச் செல்கிறான், பறவையின் பெயரும் ஊரும் அவனே சொல்கிறான். அவனுக்குப் பயிற்சி தந்தனர், பிழைப்பும் வந்தது. விசைப்படகு எழுப்பாத பறவையை ரிக்ஷாவும் எழுப்பவில்லை!

வடக்கே போவானேன்? பக்கத்து மாவட்டத்திலே வேடந்தாங்கல் இருக்கிறதே! வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டவர்கள் உழவர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்றுக்கொண்டார். காரணம் என்ன? எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாயிற்று. பறவையால் அவர்களுக்குப் பயன் இருந்தது. பறவைக்கு அவர்களால் காவல் இருந்தது. இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிக்க அங்கே தயங்குகிறார்கள்.

மரக்காணத்து மக்களுக்குக் கழுவெளிப் பறவையால் என்ன பயன்? இங்கேதான் பஞ்சாங்கத்தைப் புரட்டச் சொல்கிறோம். உப்பு விளைவது தை, மாசி தொடங்கிப் புரட்டாசி வரை. ஐப்பசியில் மழை இறங்கியதும் பாத்தி கரைகிறது, கூலியும் கரைகிறது. கார்த்திகை, மார்கழி முழுதும் வெறுங்கை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, அதுபோல ஒன்று வந்துவிட்டால் பாத்தியைத் திருத்தவே பல நாள் ஆகும். இந்த வறட்சியைக் கருதித்தான் 2022இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால உதவி வழங்கத் தொடங்கிற்று தமிழக அரசு. நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் எத்தனை நாளுக்குக் காணும்?

இனி மறுபக்கம்! பறவை வந்திறங்குவதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். இவன் வேலை நிற்கும் நாளும் அது வந்து சேரும் நாளும் ஒன்று! அடைமழையில் எவன் பறவை பார்க்க வருவான் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் மார்கழி விடுமுறையும் பொங்கலும் இருக்கின்றனவே, கூட்டம் வரும் காலம் அதுவன்றோ? வழிகாட்டி, படகோட்டி, காவலாள், நுழைவுச் சீட்டுத் தருபவர், சிற்றுண்டிச் சாலை நடத்தும் பெண்கள் குழு – இந்த வேலைகளை உப்பளக் குடும்பங்களுக்கும் மீனவக் குடும்பங்களுக்கும் எழுதி வைக்கட்டும். படகு என்றால் துடுப்புப் படகு, அதுவும் பறவை தங்காத ஓடை வரைதான். கட்டடமெல்லாம் ஊருக்குள்ளே, நீரிலிருந்து தள்ளி. நீர்ப் பரப்பருகே ஒரு பார்வைக் கோபுரமும் ஒற்றையடிப் பாதையும் போதும். வருகிறவனும் இத்தனை பேர் என்ற கணக்கோடு வரட்டும்.

சட்டம் இடம் கொடுக்குமா? கொடுக்கும். தேசியப் பூங்காவிலே மக்கள் உரிமைக்கு இடமில்லை. சரணாலயத்திலோ, விசாரித்து, தகுந்த உரிமையைத் தொடரவிட மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் மீன்பிடித் துறைமுகத் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை அறிவோம். மீனவனையும் பறவையையும் எதிரெதிரே நிறுத்தினால், கரையிலே நின்று சிரிப்பவன் விடுதிக்காரன்தான்.

டில்லிக்கும் ஒரு சொல். உப்பு ஒன்றியப் பட்டியலில் 58ஆம் இனம். மரக்காணத்து உப்புக்கு ஆணையர் ஜெய்ப்பூரிலே உட்கார்ந்திருக்கிறார்! பறவையாவது மாநிலத்திடம் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்திலே, 1976இல், 42ஆவது திருத்தத்தால் அதையும் பொதுப்பட்டியலுக்குக் கொண்டு போயினர். பட்டினி ஒன்றுதான் மாநிலப் பட்டியலில் மிச்சம் போலும்!

மரக்காணம், வானூர் வட்டக் கிளைத் தோழர்களுக்கு: ஊர் ஊராகச் சென்று கணக்கெடுங்கள். உப்பளத்தில் வேலை செய்வோர் யார், கழுவெளியில் வலை வீசுவோர் யார், ஆடு மாடு மேய்ப்போர் யார், மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலையில்லை என்பதைப் பெண்களின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். பறவைகள் மையத்தின் வேலைகளில் முதல் உரிமை இவர்களுக்கே என்று மேலே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் மனு வாங்கும் நாள். திண்டிவனம் சுற்றி விழுப்புரம் போக நேரமாகும், காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள்.