ஐந்து நிமிடம் யாருடையது?

டப்பா பீன்ஸைத் தோர்த்தியாவில் மடித்து, மைக்ரோவேவில் வைத்தெடுத்து, 'ஐந்து நிமிட வீகன் டாக்கோ' என்று பெருமை கொள்கிறார்கள் சமையற்குறிப்பாளர்கள். அவ்வடுப்பின் மீது எனக்குப் பகையில்லை, நேரமற்றவர் பசியாறட்டும். ஆனால் அது இங்கே சமைக்கவில்லை, சுடவைக்கிறது. பீன்ஸை ஆலையே வேகவைத்துவிட்டது. தோர்த்தியாவோ மெக்ஸிகோப் பழங்குடிப் பெண்களின் அறிவு: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, மெத்தாத்தே என்னும் கல்லில் அரைத்தார்கள். அதிலுள்ள நியாசின் உடலில் சேர்வது அச்சுண்ணாம்பினால்தான். தானியத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவுக்கு வாய்த்தது பெலக்ரா. 1735இல் காஸ்பர் காசால் அந்நோயை ஸ்பெயினின் ஏழைக் குடியானவர்களிடம் கண்டார்.

வீகன் என்பதாவது புதுமையா? பன்றிக்கொழுப்பும் பாலாடைக்கட்டியும் 1519க்குப் பின் ஸ்பானியர் கொணர்ந்தவை. அதற்கு முன்பே பீன்ஸும் தோர்த்தியாவும் அங்கே அன்றாட உணவு. இதற்கு ஒரு வரி ஒதுக்காத குறிப்புகள், எந்த நிறுவனத்தின் டப்பாவை வாங்க வேண்டும் என்பதை மட்டும் மறவாமல் சொல்கின்றன.