பொதுப் பணமும் புதுச் சக்தியும்

ஞாயிற்றின் அகத்தே ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாகின்றன. அவ்விணைவிற் பிறக்கும் சக்தியே உலகுக்கு ஒளியும் வெம்மையுமாகின்றது. அதனைப் புவியில் நிகழ்த்தி மின்சாரமாக்க அறிஞர் முயல்வது இன்று நேற்றன்று. 1955இல் ஜெனீவாவிற் கூடிய அணுசக்தி மகாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுள் அதற்கு வழி காணப்படும் என்றார். எழுபது ஆண்டுகள் கழிந்தும், அச்சக்தியால் மின்சாரம் ஆக்கி விற்கும் நிலையம் ஒன்றேனும் எழுந்திலது.

ஆயினும் முயற்சி வீண்போயிற்று என்பார் கூற்றுப் பொருந்தாது. 2022 டிசெம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2.05 மெகாயூல் லேசர் ஒளி செலுத்தப்பட, இணைவினால் 3.15 மெகாயூல் சக்தி வெளிப்பட்டது. ஆனால், அந்த லேசர்களை இயக்குதற்கு ஏறத்தாழ 300 மெகாயூல் மின்சாரம் செலவாயிற்று. அறிவியலுக்கு இது வெற்றி; வணிகத்துக்கு இன்னும் வெற்றியன்று. இவ்விடைவெளியைக் கடப்போம் என்று தனியார் கம்பனிகள் பல முன்வந்துள்ளன. குடிமக்களின் வரிப்பணத்தை அவற்றுக்கு வழங்கலாமோ என்பதே வினா.

வழங்கலாம், ஆனால் செயல் கண்ட பின்னரே வழங்கல் வேண்டும் என்பது எமது கருத்து. வீடு கட்டுவிப்போன் அத்திவாரம் முடிந்தபின் ஒரு பகுதியும், சுவர் எழுந்தபின் ஒரு பகுதியும், கூரை ஏறியபின் எஞ்சியதுமாகப் பணங் கொடுப்பான். 2023இல் எட்டுக் கம்பனிகளுக்கு 4 கோடி 60 இலட்சம் டொலரை ஒதுக்கிய அமெரிக்க அரசாங்கம் இம்முறையையே கைக்கொண்டது. குறித்த படியை எய்திக் காட்டினாற்றான் பணம். காலக்கெடு எத்துணை எளிதில் நழுவும் என்பதற்குப் பிரான்சிலே ஏழு பங்காளர் கூடிக் கட்டும் ‘ஈற்றர்’ பொறியே சான்று. 2006இல் அதற்கான ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2016இல் இயங்கும் என்றனர். பின் 2025 என்றனர். 2024இலோ, ஆய்வு 2034இலேயே தொடங்கும் என அறிவித்தனர்.

“முதற்படிவரை ஏறக் கைப்பொருளற்றவன் என் செய்வான்?” என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. ஆதலின், அடிப்படை ஆராய்ச்சிக்கும் இளைஞரைப் பயிற்றுதற்கும் அரசாங்கம் இலாபம் கருதாது முன்னரே கொடுத்தல் வேண்டும். மசாச்சூசெற்சுத் தொழினுட்பக் கழகத்திலிருந்து 2018இற் கிளைத்த கம்பனியொன்று, 2021இல் வலிமைமிக்க காந்தமொன்றைச் செய்து காட்டிப் புகழ் பெற்றது. அக்கழகத்தில் 2016 வரை இணைவாய்வு நிகழ்த்திய பொறியோ அரசாங்கப் பணத்தால் இயங்கியது. வித்து பொதுநிலத்தில் முளைக்க, விளைவு முழுதும் தனியார் களஞ்சியத்திற் சேர்தல் முறையாகுமோ? கண்ட அறிவில் ஒரு பகுதியைக் கல்விக்கழகங்களுக்குத் திறந்துவிடுதலும், வருவாயில் ஒரு பங்கைப் பொதுநிதிக்குத் திருப்புதலும் ஒப்பந்தத்திலே எழுதப்படல் வேண்டும். படி எய்தப்பட்டதோ என்று தீர்ப்போரும் அக்கம்பனிகளிற் பங்கில்லாதவராயிருத்தல் வேண்டும்.

விஞ்ஞானத்தில் நம்பிக்கையின்மையால் இவற்றைக் கூறினேமல்லேம். சொன்ன ஆண்டுகள் தவறத் தவற மக்களின் நம்பிக்கை தளரும். அது தளர்ந்தால், போலி முயற்சியோடு உண்மை ஆராய்ச்சியும் பொருளின்றி வாடும். இன்று பௌதிகம் பயிலும் எம் மாணவர் நாளை எந்நாட்டு ஆய்வுகூடத்திற் பணிபுரியினும், பிறர் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் நேர்மையும் தம் கல்வியின் ஒரு பாகமே என்பதை மறவாதிருப்பாராக.