கருவாட்டு வாசனை இல்லாத கடல்

பல் டாக்டரின் வரவேற்பறையில், மசாஜ் நிலையத்தில், யோகா வகுப்பில், எங்கேயாவது நீங்கள் அதைக் கேட்டிருப்பீர்கள். முதலில் தூரத்தில் அலைச் சத்தம். பிறகு சிந்தசைசரில் ஒரே ஒரு ஸ்வரம், அரை நிமிஷத்துக்கு நீளும். அதன் மேல் நாலு துளி ஹார்ப். கொஞ்சம் பொறுத்தால் ஒரு புல்லாங்குழல், பனிமூட்டத்துக்குள்ளிருந்து யாரோ வாசிப்பதுபோல. ஒரு பெண் குரல் 'ஆ...' என்று மட்டும் பாடும். வார்த்தை கிடையாது. தாளம் கிடையாது. எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்றே தெரியாது.

அட்டைப் படத்தில் பச்சைப் புல்வெளி, ஒரு கல் சிலுவை, பின்னால் கடல். 'கெல்டிக்', 'புனித', 'யாத்திரை', 'தீவு' என்ற நாலு வார்த்தைகளில் இரண்டாவது தலைப்பில் நிச்சயம் இருக்கும். கூடவே, 'அயோனா தீவுக்கு நான் மேற்கொண்ட புனிதப் பயணத்தில் பிறந்த இசை' என்கிற தினுசில் ஒரு குறிப்பு.

எனக்கு இந்த இசை மேல் கோபம் இல்லை. அந்தக் குறிப்பின் மேல்தான் கோபம்.

தூக்கம் வராத ராத்திரிகளில் நானும் இதைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பத்தாவது நிமிஷம் குறட்டை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. 'ஆம்பியன்ட் மியூசிக்' என்று இதற்குப் பெயர் வைத்த பிரையன் ஈனோவும் இதைத்தான் சொன்னார். 1975-ல் லண்டனில் ஒரு டாக்ஸி மோதி அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் போனார். சத்தம் ரொம்பக் குறைவு. எழுந்து போய்த் திருகக்கூட ஈனோவுக்குத் தெம்பில்லை. வெளியே மழை. மழையும் ஹார்ப்பும் கலந்து, இசை என்பது அறையின் வெளிச்சம் மாதிரி, சும்மா ஒரு பக்கம் இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1978-ல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' வெளிவந்தபோது தெளிவாகவே எழுதினார்: கவனித்துக் கேட்டால் சுவாரஸ்யம் இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது. அதற்கு அறுபது வருஷம் முன்பே பாரீஸில் எரிக் சாட்டி தன் சில துண்டுகளை 'மரச்சாமான் இசை' என்று கிண்டலாக அழைத்திருந்தார். நாற்காலி மாதிரி, மேஜை மாதிரி ஒரு இசை.

நேர்மையான பேச்சு. நாற்காலியை நாற்காலி என்று சொல்லி விற்கிறார்கள், உட்கார்ந்து கொள்கிறோம். அதே நாற்காலியை 'இதில் உட்கார்ந்தால் யாத்திரை போன புண்ணியம்' என்று விற்றால்? கவனிக்கவே தேவையில்லாத இசை, உடம்பும் மனசும் முழுசாகக் கேட்கிற யாத்திரையிலிருந்து பிறந்ததாம். இதை எப்படி ஐயா நம்புவது?

சரி, அந்த அயோனாவுக்குத்தான் போய்ப் பார்ப்போமே. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்ற ஊரில் கப்பல் ஏறி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் பயணித்து, மல் தீவில் இறங்க வேண்டும். அங்கே இருந்து பஸ். பெரும்பாலும் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ரோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். மறுபடி ஒரு சின்னப் படகு. காற்று பலமாக அடித்தால் அதுவும் கிடையாது. தீவின் நீளம் 5 கிலோமீட்டர் சொச்சம். குடியிருப்பவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு.

கி.பி. 563-ல் அயர்லாந்திலிருந்து 12 சகாக்களோடு கொலும்பா இங்கே வந்து மடம் கட்டினார். ஏன் வந்தார் என்பதற்கு ஒரு மரபுக் கதை உண்டு. இன்னொருவரின் சங்கீதப் புத்தகத்தை ரகசியமாகப் பிரதி எடுத்தார். சொந்தக்காரர் ராஜாவிடம் முறையிட, பசு யாருடையதோ கன்றும் அவருக்கே என்கிற பாணியில் தீர்ப்பு. கோபம் முற்றி, 561-ல் யுத்தமே நடந்து, பிணங்கள் விழுந்து, அந்தப் பாவத்துக்காக நாட்டை விட்டுக் கிளம்பினாராம். திருட்டு சிடி விவகாரத்தில் நாடு கடந்த முதல் துறவி என்று வைத்துக்கொள்ளலாம்! அவர் கரை இறங்கியதும் குன்றின் மேல் ஏறி, அயர்லாந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்தாராம். தெரியவில்லை. அப்புறம்தான் அங்கேயே தங்கினார் என்கிறது கதை. 'அயர்லாந்துக்கு முதுகு காட்டிய கற்குவியல்' என்ற பொருளில் அந்தக் குன்றுக்கு இன்றும் பெயர்.

அந்தக் கால ஐரிஷ் துறவிகளுக்கு யாத்திரை என்றால் இதுதான். ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது. பிரியமானவர்களையெல்லாம் கடவுளுக்காகப் பிரிவதை அவர்கள் 'வெள்ளை உயிர்த்தியாகம்' என்றார்கள். ரத்தம் சிந்தாத சாவு.

ரத்தம் சிந்திய சாவும் வந்தது. 806-ல் வைக்கிங் கொள்ளையர்கள் இந்தத் தீவில் 68 பேரை வெட்டிக் கொன்றார்கள். மிஞ்சியவர்களில் பலர் அயர்லாந்தில் கெல்ஸ் என்ற ஊருக்கு ஓடினார்கள். உலகப் புகழ்பெற்ற கெல்ஸ் புத்தகம் அயோனாவில் ஆரம்பிக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இந்தத் தனிமை, பயம், குற்ற உணர்ச்சி எல்லாம் அந்த 'ஆ...'வில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

பழைய கதை வேண்டாம் என்பீர்கள். போன நூற்றாண்டுக்கு வருவோம். இந்த ரக ஆல்பங்களின் குறிப்பில் 'மெல்லிய இடம்' என்ற பிரயோகம் அடிக்கடி வரும். இகத்துக்கும் பரத்துக்கும் நடுவே திரை மெல்லிசாக இருக்கும் இடம் என்று அர்த்தம். அயோனாவைப் பற்றி இப்படிச் சொன்னதாகக் குறிப்பிடப்படுபவர் ஜார்ஜ் மக்லியோட். அவர் யார்? கிளாஸ்கோ பக்கம் கோவன் என்ற கப்பல் கட்டும் பேட்டையில் பாதிரியார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்த் தெருவில் நின்றவர்களைத் தினமும் பார்த்தவர். 1938-ல் வேலையில்லாத கொத்தனார்களையும் தச்சர்களையும், பாதிரியார் படிப்பு முடித்த இளைஞர்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு அயோனாவுக்கு வந்து, இடிந்து கிடந்த மடத்துக் கட்டடங்களைத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தார். வேலை முடிய 1965 ஆனது. அட்டைப் படத்தில் நீங்கள் பார்த்து உருகும் அந்தப் புனித அமைதியில் பாதி, வேலையில்லாதவர்கள் சுத்தியலால் தட்டி எழுப்பியது. மக்லியோடின் வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். சுத்தியலை விட்டுவிட்டார்கள்.

யாத்திரையின் சத்தம் இசையாகாதா? ஏன் ஆகாது? அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்தில் லாக் டெர்க் என்ற ஏரி. நடுவே ஒரு தீவு. மூன்று நாள் யாத்திரை. செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நாளைக்கு ஒரு வேளை, காய்ந்த ரொட்டியும் பால் இல்லாத டீயும். முதல் ராத்திரி கண்ணை மூடக் கூடாது. கூர் கற்களின் மேல் வெறுங்காலோடு சுற்றிச் சுற்றி வந்து, முணுமுணுவென்று ஜெபம் சொல்ல வேண்டும். நூறு பேரின் முணுமுணுப்பு, ஈரக் கல்லில் பாதம் தேய்கிற ஓசை, ராத்திரி மூன்று மணிக்குக் கொட்டாவி. இதை ஒரு மைக் வைத்துப் பிடித்தாலே போதும், சிந்தசைசர் எதற்கு?

லூயிஸ் தீவுச் சர்ச்சுகளில் கேலிக் மொழியில் சங்கீதம் பாடும் முறையை இணையத்தில் தேடிக் கேட்டுப் பாருங்கள். வாத்தியம் கிடையாது. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். சபை முழுக்க அதைத் தொடரும். ஆனால் ஒவ்வொருவரும் தன் வேகத்தில், தன் கமகத்தில். குரல்கள் முன்னும் பின்னுமாகப் புரண்டு பெரிய அலை மாதிரி எழும்பும். முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மசாஜ் நிலையத்தில் போட முடியாது, வாடிக்கையாளர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கேலிக் என்றதும் அந்தக் 'கெல்டிக்' விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலும்பா தன்னை ஒருநாளும் கெல்ட் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஐரிஷ், கேலிக், வெல்ஷ், பிரெட்டன் மொழிகளை ஒரே குடும்பமாக அடுக்கி அந்தப் பெயரைப் பரப்பியது 1707-ல் எட்வர்ட் லூயிட் எழுதிய புத்தகம். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையும் 'கெல்டிக் ஆன்மிகம்' என்றே விற்கப்படுகிறது. அது கட்டப்பட்டது கி.மு. 3200 வாக்கில். அந்தக் குடும்ப மொழி எதுவும் அந்த மண்ணுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு!

லூயிட் வைத்த பெயர் விற்கிறது. மொழியோ தேய்கிறது. ஸ்காட்லாந்தில் 1891-ல் கேலிக் பேசியவர்கள் இரண்டரை லட்சம் பேர். 2011-ல் 58 ஆயிரத்துக்கும் கீழே. 2022 கணக்கில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்த மொழி தெருவில் புழங்கிய மேற்குத் தீவுகளிலேயே அதைப் பேசுகிறவர்கள் பாதிக்கும் குறைவாகிவிட்டார்கள். இந்தப் பின்னணியில் வார்த்தையே இல்லாத அந்த 'ஆ...'வைக் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. யாருக்கும் புரியாத மொழி எதற்கு, சத்தம் மட்டும் போதும் என்கிற முடிவல்லவா அது? இந்தப் பக்கத்துத் தீவுகள் தாமாகவே காலியாகவும் இல்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று ஜமீன்தார்கள் குடியானவர்களைக் கிளப்பினார்கள். 1846-ல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, பலர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆல்பத்தில் கேட்கும் அந்த அழகான வெறுமையில் ஒரு பகுதி, ஆட்களை அப்புறப்படுத்தியதால் வந்தது.

இந்தப் பனிமூட்டச் சத்தத்தை உலகுக்குத் தந்தவர்கள் மட்டும் அசல் ஆட்கள். கிளானட் குழு, டோனிகாலில் ஐரிஷ் பேசும் குவீடோர் ஊர்க் குடும்பம். கொலும்பாவுக்கும் டோனிகால்தான். 1982-ல் அவர்கள் குரலுக்கு மேல் குரலாக அடுக்கிப் பாடிய 'ஹாரிஸ் கேம்' பாட்டு, வடக்கு அயர்லாந்தின் வன்முறையைப் பற்றிய டி.வி. நாடகத்துக்காகச் செய்தது. ஐரிஷ் வரிகளோடு பிரிட்டனில் ஐந்தாம் இடம் வரை போனது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பிறந்த ஒப்பாரி அது. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எதிரொலியை மட்டும் உருவிக்கொண்டார்கள்.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். ஸ்ட்ரீமிங்கில் 30 விநாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2022-ல் ஸ்வீடனின் 'தாகென்ஸ் நுயீதர்' நாளிதழ் துருவிப் பார்த்ததில், ஸ்பாட்டிஃபையில் 500-க்கும் மேற்பட்ட 'கலைஞர்'களின் பெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் 20 பேர்தான் என்று தெரியவந்தது. மனசை வருடும் ரக இசையில் இந்தப் பினாமி வியாபாரம் ஜாஸ்தி. இப்போது கம்ப்யூட்டரே ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஆல்பம் செய்து கொடுத்துவிடும். தீவுக்குப் போன யாத்ரீகரை விடுங்கள், அப்படி ஒரு ஆளே இல்லாமல் இருக்கலாம்.

'கலைஞனுக்குக் கற்பனைச் சுதந்திரம் இல்லையா?' என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. 1829 ஆகஸ்ட் 7-ம் தேதி இருபது வயது மெண்டல்சன், தன் 'ஹெப்ரிடீஸ்' இசையின் ஆரம்பத்தை எழுதிவிட்டார். அயோனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃபா குகையை அவர் பார்க்கப் போனது மறுநாள்! படகில் போய் வாந்தியெடுத்து அவதிப்பட்டார். பிற்பாடு அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், நடுப்பகுதியில் மீன் எண்ணெய், கடல் பறவை, உப்புக் கருவாடு வாசனையை விட இலக்கண வாசனைதான் தூக்கலாக இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, திருத்தித் திருத்தி எழுதினார். எனக்கு வேண்டியது அந்தக் கூச்சம். நம் ஆல்பக்காரர்களுக்குக் கருவாடு ஞாபகமே வருவதில்லை.

கூச்சத்தோடு செய்தவர் இந்தக் காலத்திலும் இருக்கிறார். கிறிஸ் வாட்சன். 'காபரே வோல்டேர்' என்ற எலெக்ட்ரானிக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். பிறகு அட்டன்பரோவின் இயற்கைப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவர். 2013-ல் லிண்டிஸ்ஃபார்ன் தீவைப் பற்றி ஒரு ஆல்பம் வெளியிட்டார். அயோனாவிலிருந்து போன துறவி எய்டன் 635-ல் மடம் கட்டிய இடம் அது. கி.பி. 700 வாக்கில் அங்கே உட்கார்ந்து சுவிசேஷங்களைப் பிரதி எடுத்தவரின் காதில் என்னென்ன விழுந்திருக்கும் என்பதுதான் விஷயம். நாலு பருவத்துக்கு நாலு பகுதி. வாத்தியமே இல்லை. காற்று, கடல், பறவைகள். 'என் ஆத்ம பயணம்' என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தான் ஒதுங்கிக்கொண்டு தீவைப் பேச விட்டார்.

அயோனாவும் பேசும். வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து அங்கே புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் கார்ன்கிரேக் என்ற பறவை, பிரிட்டனின் பெரும்பகுதியில் காணாமல் போய்விட்டது. அயோனாவில் இருக்கிறது. குஞ்சுகள் தப்பிக்கட்டும் என்று அங்கே புல் அறுப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். அதன் குரல் ஹார்ப் மாதிரி இருக்காது. சீப்பின் பல்லை நகத்தால் கீறுகிற சத்தம், ராத்திரி முழுக்க, விடாமல். அந்தச் சத்தத்தையே விஞ்ஞானப் பெயராக வைத்துவிட்டார்கள்: க்ரெக்ஸ் க்ரெக்ஸ். நான் கேட்ட ஒரு 'அயோனா' ஆல்பத்திலும் அது இல்லை. மே மாதத்தில் அந்தப் பக்கம் போக வாய்க்கிறவர்கள் ராத்திரி ஜன்னலைச் சாத்தாமல் படுங்கள்.