மன்னிக்க வேண்டியது யார்?

ஒருவர் இறந்து 59 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பிறகு, அவருடைய குற்றத்தை மன்னித்து விட்டதாக உத்தரவு வருகிறது.

இதனால் யாருக்கு என்ன லாபம்?

அவர் பெயர் ஆலன் டூரிங். இங்கிலாந்து நாட்டுக் கணித மேதை. இன்றைய கம்ப்யூட்டருக்கு வித்திட்டவர்களில் ஒருவர். அவருடைய தாயார் எத்தல் பிறந்தது, நம் கோவையை அடுத்த போத்தனூரில்!

யுத்தத்தில் செய்த உதவி

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, இங்கிலாந்துக்கு உணவு கொண்டு வந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அவற்றுக்கு உத்தரவுகள் "எனிக்மா" என்ற எந்திரத்தின் மூலம் ரகசியக் குறிகளாகப் போயின.

அந்த ரகசியத்தை உடைத்தவர்களில் டூரிங் முக்கியமானவர். அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த வேலையே ரகசியம். ஊராருக்குத் தெரியாது.

1952-ல் அவர் வீட்டில் திருட்டுப் போயிற்று. போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், அவருக்கும் இன்னொரு ஆணுக்கும் உறவு இருந்தது வெளியே வந்தது. 1885-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

திருடனைத் தேடி வந்த போலீசார், புகார் கொடுத்தவர் மீதே வழக்குப் போட்டார்கள்!

சிறைக்குப் போக வேண்டும். அல்லது ஆசையை அடக்கும் சிகிச்சைக்கு உடன்பட வேண்டும். டூரிங் சிகிச்சைக்கு உடன்பட்டார். ஓர் ஆண்டு காலம் அவர் உடலில் பெண் ஹார்மோன் செலுத்தப்பட்டது. அரசாங்கத்தின் ரகசிய வேலையிலும் அவருக்குக் கதவு அடைக்கப்பட்டது.

1954 ஜூன் 7-ந் தேதி, சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்தனர். தாயார் அதை ஏற்கவில்லை. தவறுதலாக நேர்ந்த விபத்து என்றே கடைசி வரை நம்பினார்.

காலம் கடந்த உத்தரவு

1967-ல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. 2009-ல் பிரதமர் கார்டன் பிரவுன், டூரிங்குக்கு நேர்ந்த கொடுமைக்கு அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013 டிசம்பரில் எலிசபெத் ராணி மன்னிப்பு வழங்கினார்.

மேதைக்கு மட்டும்தான் மன்னிப்பா? அதே சட்டத்தில் தண்டனை பெற்ற குமாஸ்தாவும் தொழிலாளியும் என்ன பாவம் செய்தார்கள்? இந்தக் கேள்வி எழுந்தது. 2017-ல் வந்த சட்டம், இறந்துபோன சுமார் 49 ஆயிரம் பேருக்கு மன்னிப்பு அளித்தது.

இறந்தவர்களுக்கு மன்னிப்பு தானாக வந்தது. உயிரோடு இருந்தவர்களோ மனுப் போட வேண்டியிருந்தது!

இரண்டு மன்னிப்பு

தமிழில் "மன்னிப்பு" ஒரே சொல்தான். ஆனால் மன்னிப்புக் கேட்பது வேறு. மன்னிப்பு அளிப்பது வேறு. தவறு செய்தவன் கேட்க வேண்டும். தவறுக்கு ஆளானவன் அளிக்க வேண்டும்.

இங்கே அது தலைகீழாக நடந்தது. கொடுமை செய்த அரசாங்கமே மன்னித்தது!

தண்டனை பெற்ற முதியவர் ஒருவர், "குற்றமே செய்யாத எனக்கு மன்னிப்பு எதற்கு? அரசாங்கம் என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும்" என்ற கருத்தைச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, மன்னிப்பு கிடைத்தாலும் பழைய தீர்ப்பு ரத்து ஆகாது.

அதே 2017-ல் ஜெர்மனி வேறு வழியில் போனது. யுத்தத்துக்குப் பிறகு இப்படித் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளையே ரத்து செய்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு, ஒரு தீர்ப்புக்கு 3 ஆயிரம் யூரோவும், சிறையில் கழிந்த ஆண்டு ஒன்றுக்கு 1,500 யூரோவும் நஷ்டஈடு என்று வகுத்தது.

இழந்த இளமைக்கு அது ஈடாகுமா? ஆகாது. ஆனாலும், தவறு யாருடையது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

அப்படியானால் இறந்தவர்களுக்கு அளிக்கும் மன்னிப்பு வீண்தானா? முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. குடும்பத்தின் மீது விழுந்த பழி கொஞ்சம் துடைக்கப்படுகிறது. இன்று அதே இயல்போடு வளரும் பிள்ளைக்கு, "நீ குற்றவாளி அல்ல" என்று ஒரு குரல் கேட்கிறது.

ஆனால் அநீதி அதனால் தீர்ந்து விடாது. தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும். அரசாங்கம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதையும், பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும்.

போத்தனூரில் பிறந்த அந்தத் தாய், மகனின் புகழ் மறையக் கூடாதென்று 1959-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1976-ல் கண்ணை மூடினார். ராணியின் உத்தரவு வந்தபோது, அதைப் படித்துப் பார்க்க அவர் இல்லை.